பத்தாவது கேள்விக்கு நான் சொல்லித்தந்த பதில்

வட்டக்கச்சி,
12.02.2026, வியாழன்

என் அன்பு மகள் சிவதர்சினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எழுதித்தான் கடிதம் தொடங்கவேண்டும், இந்த முறை எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை பிள்ளை. நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தம்பிக்குட்டி பிறந்த நாள் தொட்டு, தெரிந்தும் தெரியாதவள் போல மூன்று மாதம் இருந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நீ போனில், நான் இல்லாட்டித் தம்பிக்குட்டி நல்லா இருப்பான் அம்மா என்று சொன்னாய். நான் விசர்க்கதை கதையாதை என்று அதட்டினேன். நீ போனை வைத்தாய். இன்றோடு ஆறு நாள். நான் எடுக்கிற கோல் எல்லாம் அடித்து அடித்து நின்றுபோகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவற்றுக்கு நீ பார்த்த நீலக் கோடு மட்டும் விழுகிறது, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் என் பிள்ளை இருக்கிறாள் என்று மூச்சு விடுகிறேன். மருமகனுக்கு எடுத்தால் அவா நித்திரை மாமி, சரியான களைப்பு என்கிறார். காலையிலும் நித்திரை, மத்தியானமும் நித்திரை, பின்னேரமும் நித்திரை என்றால் அது என்ன நித்திரை. கிருசாந்தனை நான் குறை சொல்லவில்லை, இறைச்சித் தொழிற்சாலையில் விடியவே போய் நின்று மாய்ந்துவிட்டு வருகிற மனுசன், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வொயிஸ் அனுப்பப் பார்த்தேன். ஆறு தரம் அழித்தேன், என் அழுகைதான் பதிவாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்களை அப்பா இன்றைக்கே படம் எடுத்து உனக்கு அனுப்புவார், தாளை அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கிற ஞானேஸ்வரி அக்கா, யாரென்று பிறகு சொல்கிறேன், சனிக்கிழமை விமானத்தில் கொண்டுவந்து ஞாயிறன்று உன் கையில் தருவார். படத்தைப் பார்க்க மனமில்லாவிட்டாலும் பார் பிள்ளை, ஒரு தாளாவது பார்.

முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்கிறேன். நீ இருக்கிற டென்மார்க்கைப் பற்றி நான் உனக்குச் சொன்னவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து சொன்னது அல்ல. அங்கே தாய் அழுதால் அரசாங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வீட்டுக்கு வருகிற நேர்ஸ் உளவு பார்க்கத்தான் வருகிறாள், வெள்ளைக்காரருக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது, குளிருக்குள் பிள்ளையைத் தள்ளுவண்டிலில் வைத்து வாசலில் விட்டுவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னேனே, எங்கிருந்து சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. போனில் யாரோ ஒரு பெண் தன் பிள்ளைகளைப் பறித்துவிட்டார்கள் என்று கதறுகிற குரல் ஒன்று வந்தது, அதை இருபது முப்பது தரம் கேட்டேன். பனிக்குள் வரிசையாக வண்டில்கள் நிற்கிற வீடியோ ஒன்று வந்தது. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே உனக்குப் பாடம் நடத்தினேன். பக்கத்து வீட்டுக் கிழவி தம்பிக்குட்டிக்குக் கம்பளிச் சப்பாத்துப் பின்னிக் கதவுப் பிடியில் தொங்கவிட்டிருந்தார் என்று நீ சந்தோசமாகச் சொன்னபோதுகூட, ஏன் சும்மா தருகினம், உள்ளை வந்து பாக்கத்தான், வாங்காதை என்று சொன்னவள் நான்தான். நீ அதை ஒரு பையில் போட்டுத் திரும்பவும் அவரின் கதவில் கொழுவிவிட்டாய். அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்.

பிள்ளை பெற்றவளின் மனத்தைக் கேட்கிற அந்தப் பத்துக் கேள்வித் தாளுக்கு வருகிறேன். தை மாதம் அந்த நேர்ஸ் தந்துவிட்டுப் போன தாளை நீ போனில் மொழிபெயர்த்து ஒவ்வொன்றாக வாசித்தாய். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். நான் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கிறன் எண்டு போடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா. நீ பதின்மூன்று வயதில், சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமுக்குள் கூடாரத்தில் என் பக்கத்தில் நின்றாய், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆமிக்காரர் பைலோடு வருவார்கள், வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே, என்ன குறை என்று கேட்பார்கள். பக்கத்துக் கூடாரத்து மனுசன் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார், இரண்டு நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்தப் பெண்சாதி இன்னும் தேடிக்கொண்டு திரிகிறது. அன்றைக்குப் படித்ததுதான், யார் பைலோடு வந்தாலும் இல்லை, தெரியாது, ஒரு குறையும் இல்லை, இந்த மூன்றும்தான் என் வாயில் வரும். அந்த மூன்றும் அப்போது எங்களைக் காப்பாற்றியது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடாரத்தை நான் இன்னும் கழற்றவில்லை பிள்ளை. உன்னையும் டென்மார்க்கில் கொண்டுபோய் அதற்குள்ளேயே இருத்திவிட்டேன். ஒன்பது கேள்விக்கும் நான் சொன்னதைப் போட்டுக்கொண்டு வந்த நீ பத்தாவதில் நின்றுவிட்டாய். உன்னையே நீ ஏதும் செய்துகொள்ள நினைத்ததுண்டா என்ற கேள்வி. பிறகு, அம்மா, இதுக்கும் இல்லை எண்டே போடவோ என்று கேட்டாய். என் மகள் என்னிடம் அதைக் கேட்டாள், நான் அது என்ன கேள்வி, இல்லை எண்டு போடு என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கப் போனேன். கறி அடிப்பிடித்துவிடும் என்று போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் என்னால்தான். நேர்ஸ் திரும்ப வருகிறேன் என்றபோது ஊருக்குப் போறம் எண்டு சொல்லு என்றேன். சொன்னாய். அவர் அப்படியும் அந்தப் பக்கம் வந்தவர் ஒரு நாள் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். நீ திரையை இழுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், தம்பிக்குட்டி அழக்கூடாது என்று அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்ததாகச் சொன்னாய். நான் நல்ல வேலை செய்தாய் என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சண்டை நேரம் பங்கருக்குள் அப்படிப் பிள்ளையின் வாயைப் பொத்திய தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், நீயும் கண்டிருக்கிறாய். வெளியே செல் குண்டு விழவில்லை, பிள்ளையின் நிறை பார்க்க ஒரு பெண் தராசோடு நின்றார். அதற்கும் என் மகள் அதையே செய்தாள் என்றால் அவளைச் செய்யவைத்தது நான்.

இனி ஞானேஸ்வரி அக்காவைச் சொல்கிறேன். இரண்டாம் வாய்க்கால் ஏரம்பு அண்ணை தை மாதம் தவறிவிட்டார், உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் சோர்ந்துவிடுவாய் என்று விட்டேன். அவரின் கூடப்பிறந்த தங்கச்சிதான் ஞானேஸ்வரி, இருபத்தாறு வருடமாக டென்மார்க்கில் இருக்கிறார், அங்கே வயதானவர்களைப் பராமரிக்கிற இடத்தில் வேலை. அண்ணையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக் கொட்டிலில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்து மரக்கறி வெட்டினோம். என் வாய் சும்மா இருக்குமா. பக்கத்தில் பூசணி வெட்டுகிறவர் யாரென்று தெரியாமல், டென்மார்க்கில் பிள்ளைகளை நாய்க்குட்டி மாதிரி வெளியில் விடுகினம், அழுதால் அரசாங்கம் கொண்டுபோயிடும் என்று தொடங்கிவிட்டேன். எல்லாரும் ஆவென்று கேட்டார்கள். அவர் கத்தியை வைத்துவிட்டு, எந்த ஊரிலை அக்கா, ஆரின்ரை பிள்ளை, எப்ப நடந்தது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குரல் பதிவில் அழுத பெண் எந்த நாடு என்றார். அதுவும் தெரியாது. உங்களுக்கு ஐரோப்பா எண்டால் எல்லாம் ஒரே வீட்டு வளவோ என்றார். கோபமாகத்தான் கேட்டார், எனக்கும் கோபம் வந்தது. தன்னுடைய மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வண்டிலில் வெளியே படுத்து வளர்ந்தார்களாம், தடித்த போர்வைக்குள், தாய் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, சுத்தமான காற்று என்று அங்கே அதை நல்லதாக நினைக்கிறார்களாம். நாங்கள் பிள்ளை படுக்கிற ஏணையைக் குசினி வளையிலை கட்டிப் புகைக்கை ஆட்டுறம், அதை ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டால் அவை எங்களைப் பற்றி என்ன சொல்லுவினம் என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் ஒரு பழைய கோபம் ஞாபகத்துக்கு வந்தது. மீளக்குடியேறின வருடம் தறப்பாள் கொட்டிலுக்கு வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் கமராவோடு வந்தார்களே. நான் நல்ல சேலை ஒன்றை மாற்றித் தலையை வாரி இழுத்துக்கொண்டு வந்து நின்றேன். வேண்டாம், முந்தி நின்ற மாதிரியே நில்லுங்கோ, சிரிக்க வேண்டாம் என்று கூட வந்த தமிழ்ப்பிள்ளையைக் கொண்டு சொல்வித்தார்கள். அன்றைக்கு நான் புட்டு அவித்திருந்தேன், மாட்டில் பால் கறந்திருந்தேன், அப்பாவோடு சண்டையும் பிடித்துச் சிரித்தும் இருந்தேன், அது ஒன்றும் அவர்களுக்கு வேண்டாம். வன்னியென்றால் அழுகிற முகம்தான் வேண்டும். அந்தப் படம் எங்கே போனதோ, அதைப் பார்த்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ என்று எத்தனை நாள் பொருமினேன், உனக்குத் தெரியும். அதையே நான் அந்த நாட்டுச் சனம் எல்லாருக்கும் திருப்பிச் செய்துவிட்டேன். செய்ததுகூடப் பரவாயில்லை, அதற்குள் என் பிள்ளை அகப்பட்டுவிட்டாள்.

கொட்டிலில் வைத்தே நான் அழத் தொடங்கிவிட்டேன், ஞானேஸ்வரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பத்தாவது கேள்வியையும் சொன்னேன். அவரின் முகம் மாறிவிட்டது. அந்தக் கேள்வி தாயைப் பிள்ளையிட்டை இருந்து பிரிக்கிறதுக்கு இல்லை அக்கா, தாயைப் பிள்ளைக்கு மிச்சம் வைக்கிறதுக்கு என்றார். தனக்கே இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இப்படி வந்ததாம். நேர்ஸ் கிழமைக்குக் கிழமை வந்தாராம், கதைக்க ஒரு ஆளை ஒழுங்கு செய்தாராம், கொஞ்ச நாள் குளிசையும் குடித்தாராம், பிள்ளையை ஒருவரும் தொடவில்லையாம். அங்கே எல்லாம் திறம் என்றும் அவர் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது. தன்னை மொழி தெரியாதவள் என்று மணிக்கணக்கில் காக்கவைத்த அரசாங்கக் கந்தோர்க்காரியும் இருக்கிறாளாம், வேலையிடத்தில் தன் சாப்பாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தினவர்களும் இருக்கிறார்களாம். பிள்ளையைக் கொண்டுபோன கதை ஒன்றும் தனக்குத் தெரியுமாம், அது தகப்பன் அடித்துக் கையை முறித்த வீடாம். அங்கையும் மனுசர்தான் அக்கா, ஆளை ஆளாப் பாக்கவேணும் என்றார். உன் நேர்ஸை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், முதல் நாள் வந்தபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தம்பிக்குட்டியைத் தொடுவதற்கு முதல் கையைத் தேய்த்துச் சூடாக்கினார் என்று. நீ கண்ணால் கண்டதை நான் காதால் கேட்டதை வைத்து அழித்துவிட்டேன்.

நேற்று நான் கிளினிக்குக்கும் போனேன். எங்கள் பகுதி மிட்வைஃப் சிவலட்சுமியை உனக்குத் தெரியும், சைக்கிளில் வீடு வீடாக வருகிறவர். அவர் வந்தால் நான் ஒரு நாளும் கதவைச் சாத்தினதில்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஊர்க்கதை கேட்டுத்தான் அனுப்புவேன். அவரிடம் கேட்டேன், பிள்ளை பெற்றவர்களிடம் இப்படி ஒரு தாள் கேட்கிறதுண்டா என்று. ஓம், நாங்களும் கேக்கிறனாங்கள் என்று தமிழில் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே பத்து. அங்கே வருகிறவரும் ஒரு சிவலட்சுமிதான் என்று எனக்கு ஏன் படவில்லை. உன் நிலைமையைச் சொன்னேன். பொறுத்துப் பாக்கிற விசயமில்லை, இண்டைக்கே ஆரிட்டையும் காட்டவேணும் என்றார். வெளியே வந்து வாங்கில் இருந்தேன், அப்பா வந்துதான் மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வீட்டுப் புதினம் எழுத எனக்கு இப்போது மனமில்லை, ஆனால் எழுதாவிட்டால் நீ இன்னும் பயப்படுவாய். காலபோக நெல் வெட்டு முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, பள்ளக் காணியில் மெசின் இறங்கவில்லை, அப்பா இரண்டு நாளாக வாய்க்கால் வெட்டித் தண்ணி வடிய விட்டார். எங்கள் மாடு சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறது. ஞானேஸ்வரியிடம் பத்தியத் தூளும் வறுத்த மாவும் கொடுத்துவிடுகிறேன். சாப்பாடு பிள்ளை, ஒரு பிடியாவது சாப்பிடு, பால் குறைவென்று மனத்தைப் போட்டு உடைக்காதே, போத்தலில் மாப்பால் குடித்த பிள்ளைகளும் வளர்ந்துதான் இருக்கிறார்கள். வீடு கூட்டாவிட்டால் கிடக்கட்டும். திரையைத் திறந்து வெளிச்சத்தை விடு. அந்தக் கம்பளிச் சப்பாத்தைக் கேட்டு வாங்கு, நான் சொன்னதாகச் சொல்லி வாங்கு.

இனி எழுதப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்கும் சொன்னதில்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நீ இரண்டு மாதப் பிள்ளை. அக்கராயன் பக்கம் ஒரு மரத்தடியில் இருந்தோம், அப்பா விட்டுவிட்டு வந்த நெல்லை எடுக்கப் போய் நாலு நாள் ஆளில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது, நீ ஓயாமல் அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை, பசி வரவில்லை, உன்னைப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு காலை உன்னைத் துணியில் சுற்றி ரோட்டோரப் புல்லில் கிடத்திவிட்டு நான் நடந்தேன். வாய்க்கால் மதகு வரைக்கும் போய் அதில் இருந்தேன். தண்ணீர் நிறைய ஓடியது. அதற்குத்தான் போனேன் என்று இப்போது உனக்கு எழுதுகிறேன். ரோட்டால் எத்தனையோ சனம் மூட்டை முடிச்சோடு போனது, ஒருவர் நின்று என்ன பிள்ளை, ஏன் இதிலை இருக்கிறாய் என்று கேட்கவில்லை, அவரவர் பாடு அவரவருக்கு. கேட்டிருந்தால் நான் எல்லாம் சொல்லியிருப்பேன், அந்த முகம் தெரியாத ஆளின் காலைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். நீ அழுதது திடீரென்று நின்றது. அந்தப் பயத்தில் எழும்பி ஓடிவந்தேன். நீ நித்திரையாகக் கிடந்தாய், கால் முழுக்க எறும்பு. நான் கெட்ட தாய் என்று அன்றிலிருந்து எனக்குள் வைத்துப் பூட்டினேன். கெட்ட தாய் இல்லை, நோய் வருத்தம் வந்த தாய் என்று நேற்றுச் சிவலட்சுமியின் தாளை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒருவரும் வரவில்லை பிள்ளை. உனக்கு ஒருத்தி கதவு வரைக்கும் வந்திருக்கிறாள். திற.

அந்த நேர்ஸின் நம்பர் எழுதின துண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாய் என்று சொன்னாய், இதை வாசித்த உடனேயே அதற்கு எடு. மொழி தடுமாறினால் ஞானேஸ்வரியைக் கோலில் சேர், எந்த நேரமென்றாலும் மொழிபெயர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார், நம்பரைக் கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். புதுத் தாள் கேட்டு வாங்கி உள்ளதைப் போடு, பத்தாவதற்கும் உள்ளதைப் போடு. அதற்கிடையில் மனம் கட்டுமீறினால் தனிய இராதே, அந்த நாட்டு அவசர நம்பருக்கு அடி. எங்கள் கோயில் கனகாம்பிகை அம்மாள் உன்னையும் தம்பிக்குட்டியையும் மருமகனையும் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பது உனக்குச் சேரட்டும். பதில் எழுதத் தேவையில்லை, ஒரு கோலுக்கு ஓம் என்று சொன்னால் போதும்.

உன்னைப் பெற்ற அம்மா,
ந. அமராவதி

பிள்ளை, இது அப்பா. படம் எடுக்கத் தந்த தாளை வாசிச்சுப்போட்டன். அண்டைக்கு நெல்லெடுத்துத் திரும்பிவந்து உன்ரை காலுக்கு எண்ணெய் பூசினது நான்தான், புல்லிலை கிடத்தினதாலை எறும்பு கடிச்சது எண்டு கொம்மா சொன்னா, நானும் வேறை ஒண்டும் கேக்கேல்லை. இருபத்தொன்பது வருசம் ஒரே வீட்டிலை இருந்து இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். அவா குசினிக்கை இருந்து அழுறா, நான் போய்ப் பக்கத்திலை இருக்கப்போறன். நீ மருமகனை எழுப்பு. வேலையாலை வந்து படுத்த மனுசன் எண்டு பாக்காதை, எழுப்பிச் சொல்லு. அவரும் என்னை மாதிரித் தெரியாமல் இருந்துவிடக் கூடாது.